இருபத்திரண்டு அடிக் கயிறு

இப்போதெல்லாம் பத்திரிகையில் புதிர் போட்டால் விடையை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சடித்துவிடுகிறார்கள். பத்திரிகையைத் திருப்பிப் பிடித்தால் வேலை முடிந்தது. போன மாதம், நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையிலிருந்து இரண்டு இளைஞர்கள் அடையாற்றில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். புதிர்ப் போட்டியை இந்த ஆண்டோடு நிறுத்தப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் அதை எப்படி நடத்தினோம் என்று நான் எழுதித் தர வேண்டுமாம். என்னை ஏன் கேட்கிறார்கள், இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மற்றவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சந்தேகம் என் பிறவிக் குணமல்ல. சம்பளத்துக்காகக் கற்றுக்கொண்டது. மயிலாப்பூரில் இருந்த அந்த அலுவலகத்தில் போட்டிப் பிரிவு குமாஸ்தாவாக நான் சேர்ந்தபோது எனக்கு வாய்த்த மானேஜர் பஞ்சாபகேச ஐயர். அதற்கு முன் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பொய்ச் சாட்சிகளைப் பார்த்துப் பார்த்து, யாராவது "நமஸ்காரம்" என்றால்கூட எதற்காகச் சொல்கிறான் என்று யோசிப்பவர். என் முதல் மூன்று வருஷங்கள் அவர் மேஜைக்கு எதிரில், பத்திரிகைக் கூப்பனை வெட்டி ஒட்டி வாசகர்கள் விடை எழுதி அனுப்பிய கார்டு மூட்டைகளைப் பிரிப்பதிலேயே கழிந்தன.

"ஓய் நடேசன், கார்டைப் படிக்கறதுக்கு முன்னாடி மோந்து பாரும்" என்பார். "கூப்பன் ஒட்டின பசை ஈரமா இருக்கு, தபால் முத்திரை முந்தாநாள்னா என்ன அர்த்தம்? நம்ம ஆபீசுக்குள்ளயே எவனோ மாத்தி ஒட்டியிருக்கான்னு அர்த்தம்."

முகர்ந்தேன். ஒரே கையெழுத்தில் பத்துப் பெயர்களில் வரும் கார்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கூப்பனின் ஓரத்தை வைத்து அது கத்தரியால் வெட்டியதா, பிளேடால் வெட்டியதா என்று சொல்லுமளவுக்குத் தேறினேன். ஆழ்வார்பேட்டையில் நான் குடியிருந்த போர்ஷனில் பால்காரர் அளக்கும்போது குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் புதிர்கள் வார்த்தை விளையாட்டு அல்ல. பார்த்தவுடன் தோன்றும் விடை எப்போதும் தப்பாக இருக்கும். அதுதான் அவற்றின் தனித்தன்மை. ஒன்று சொல்கிறேன். மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் கோயில் நாலு மைல். ஜட்கா மணிக்கு நாலு மைல் வேகத்தில் போகிறது. போய்வருவதன் சராசரி வேகம் எட்டு மைலாக இருக்க வேண்டுமானால் திரும்பும்போது எவ்வளவு வேகமாக வர வேண்டும்? பன்னிரண்டு என்று மூட்டை மூட்டையாகக் கார்டுகள் வந்தன. முடியவே முடியாது என்பதுதான் விடை. எட்டு மைலை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். போகும்போதே அந்த ஒரு மணி தீர்ந்துவிட்டது. இதை ஒப்புக்கொள்ளாமல் ஒரு ஜட்கா முதலாளி வண்டியோடு வந்து அலுவலக வாசலில் நின்றுவிட்டார். தன் குதிரையை அவமானப்படுத்திவிட்டோம் என்று அவருக்குக் கோபம்.

புதிர்களை எழுதி அனுப்பியவர் கும்பகோணத்தில் இருந்த ஒரு பழைய கணித ஆசிரியர். புதிரும் விடையும் ஒரே தாளில் வரும். விளக்கம் மட்டும் முடிவு அறிவித்த பிறகுதான் வரும். முன்னாலேயே வந்தால் யாராவது திருடிவிடுவார்கள் என்று மானேஜர் போட்ட சட்டம் அது. ஆகவே விடை ஏன் அப்படி என்பது எங்களுக்கே தெரியாது. வாசகர்களும் விடையை மட்டும்தான் எழுத வேண்டும், விளக்கம் எழுதினால் தள்ளுபடி. விளக்கம் என்ற பெயரில் குமாஸ்தாவுக்கு ரகசியச் செய்தி அனுப்பலாம் அல்லவா என்பது அவர் வாதம்.

அந்தத் தாளிலிருந்து புதிரை மட்டும் நான் நகல் எடுத்து அச்சுக்கூடத்துக்குக் கொடுப்பேன். மூலத் தாளை உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து மானேஜரிடம் நீட்டினால் அவர் பீரோவில் பூட்டுவார். அச்சுக்கூடத்திலிருந்து வரும் புரூஃபைச் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போடுவதும் நானே. திருத்திய புரூஃபை அச்சுக்கோப்பவர் தன் மேஜையருகில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். அச்சுக்கோப்பவர் பெயர் சூசை. சாந்தோமைச் சேர்ந்தவர், என் வயதுதான். எழுத்துகளைப் பார்க்காமலே எடுத்துக் கோக்கும் கை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"இன்னா நடேசன் சார், இன்னிக்கு எத்தினி கார்டு மோந்து பாத்த? மூக்கு தேஞ்சுடப் போவுது" என்பார் என்னைப் பார்க்கும்போதெல்லாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய ஜனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்து பத்திரிகை இளைத்துப் போயிருந்தது. வாசகர்களைப் பிடித்து வைக்க ஒரு பெரிய பரிசு வேண்டுமென்று முதலாளி எங்கிருந்தோ ஒரு புதுத் தையல் மெஷினைச் சம்பாதித்துவிட்டார். அந்த நாளில் அது கிடைப்பது குதிரைக் கொம்பு.

அந்த வாரத்துப் புதிர் இது. வட்டமான ஓர் ஏரி, கரையின் சுற்றளவு 22 மைல். கரையை ஒட்டி இறுக்கமாக ஒரு கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றை அறுத்து, இன்னும் 22 அடிக் கயிறு சேர்த்து முடிந்து, எல்லாப் பக்கமும் ஒரே சீராக விலகி நிற்கும்படி இழுத்துப் பிடித்தால், கயிற்றுக்கும் கரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும்? மூலத் தாளில் இருந்த விடை, மூன்றரை அடி. எனக்கே நம்பிக்கை வரவில்லை. அத்தனை நீளக் கயிற்றில் இந்தச் சில அடி எந்த மூலைக்கு?

நகல் எடுத்த அன்று விளக்குத் திரி ஈரமாக இருந்ததால் அரக்கு உருகக் கால் மணி நேரம் ஆயிற்று. மூலத் தாள் என் மேஜைமேல் திறந்து கிடந்தது. நகலை வாங்கிப்போக வந்த சூசை அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். இதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

பத்து நாள் கழித்து உறையைப் பிரித்தோம். வந்திருந்த கார்டுகளில் 'மயிரிழை' என்று எழுதியவர்கள் பாதிப் பேர். எறும்புகூட நுழையாது என்றவர்கள் மீதியில் பெரும்பாலோர். கணக்கு வாத்தியார்கள்கூட மைலை அடியாக்கிப் பெருக்கும்போது எங்கோ வழுக்கியிருக்க வேண்டும். 'மூன்றரை அடி' என்று எழுதியது ஒரே ஒரு கார்டு. பிலோமினா, தையல் வேலை, சாந்தோம்.

மானேஜர் என் நகலையும் அச்சான பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பத்திரிகையில் 22 மைல் இல்லை. 2 மைல் என்று அச்சாகியிருந்தது.

"பாத்தீரா? ஊருக்கெல்லாம் ரெண்டு மைல்னு போட்டிருக்கு" என்றார் மெதுவாக. "ரெண்டு மைல் ஏரிக்குக் கணக்குப் போட்டா வேற விடைன்னா வரணும்? இவ ஒருத்தி மாத்திரம் இருபத்திரண்டு மைலுக்கு உண்டான விடையை எப்படி எழுதினா? உறைக்குள்ள இருக்கறதைப் பாத்தவா சொன்னாத்தானே தெரியும்?"

எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை. ஏரி சின்னதானால் அதே இருபத்திரண்டு அடி கயிற்றை இன்னும் அதிகமாக விலக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதானே. மானேஜர் மேலும் போனார். எண் தானாக மாறவில்லை, மாற்றப்பட்டிருக்கிறது என்றார். ஊர் முழுவதையும் தப்பாகக் கணக்குப் போட வைத்துவிட்டு, தன் மனுஷிக்கு மட்டும் உண்மையான விடையைச் சொன்னவன் ஒருவன் இருக்கிறான்.

மூலத் தாளின் அருகே போனவர்கள் மூன்று பேர். மானேஜர், நான், சூசை. மானேஜர் இல்லை. நான் இல்லை என்பது எனக்குத் தெரியும். மூன்றில் இரண்டு போனால் மிச்சம் ஒன்று. பிலோமினாவின் வீட்டு எண்ணைப் பார்த்தேன். சூசை வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. அதை மானேஜரிடம் சொன்னவன் நான்தான்.

சூசையைக் கூப்பிட்டார்.

"புரூஃப் எங்கேடா?"

"கம்பில இல்ல சார்."

"அதான் எங்கேன்னு கேக்கறேன்."

"தெரியல சார்."

"நடேசன், நீர் பாத்தப்போ புரூஃப்ல என்ன இருந்தது?"

"இருபத்திரண்டு இருந்தது சார்" என்றேன். அது பொய்யல்ல. இரண்டு இரண்டுகளையும் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

சூசை என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான். திருடன் இப்படித்தான் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன். புரூஃப் காணாமல் போனதே போதுமான சாட்சி என்று சொல்லி, அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மானேஜர்.

திங்கட்கிழமை என்னைச் சாந்தோமுக்கு அனுப்பினார். சூசைதான் விடையைச் சொன்னான் என்று அந்தப் பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். தையல்காரி தையல் மெஷினுக்கு ஆசைப்பட்டிருக்கிறாள், மிரட்டினால் ஒப்புக்கொள்வாள் என்றார்.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் வெள்ளைத் துணியைப் பரப்பிக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். சுவரில் பெரிதும் சிறிதுமாகப் பிரம்பு வளையங்கள் தொங்கின.

"தப்பா நினைச்சுக்காதீங்க. சும்மா சரிபார்க்க வந்தேன்" என்று ஆரம்பித்தேன். "அந்த விடையை யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரு சொல்லணும்? உக்காருங்க சார்" என்றார். "கவுனு தைக்கிறேன். மாதா கோயில்ல மொத மொத புதுநன்மை வாங்குற புள்ளைங்களுக்கும் தைக்கிறேன், கல்யாணப் பொண்ணுக்கும் தைக்கிறேன். கீழ் ஓரம் ஒடம்ப விட்டுத் தள்ளி நிக்கணும்னு உள்ள பிரம்பு வளையம் வெப்போம். புள்ளைக்கு இன்னா, பெரிய பொண்ணுக்கு இன்னா, சுத்தளவுல இருவத்திரண்டு அங்குலம் கூட்டிட்டா வளையம் மூணரை அங்குலம் தள்ளி நிக்கும். ஆளு குண்டா ஒல்லியான்னு அது பாக்காது. அங்குலத்துக்கு இப்பிடின்னா அடிக்கும் அப்பிடித்தானே?"

நான் நம்பவில்லை. எழுந்து போய் ஒரு நூல் கட்டையையும் ஒரு பெரிய தவலையையும் எடுத்து வந்தார். இரண்டையும் நூலால் சுற்றி அளவெடுத்தார். இரண்டு அளவோடும் தனித்தனியே இருபத்திரண்டு அங்குலம் கூட்டி, இரண்டு வளையங்களாக முடிந்து, தரையில் வட்டமாகப் பரப்பினார். நூல் கட்டையை ஒன்றின் நடுவிலும் தவலையை மற்றொன்றின் நடுவிலும் வைத்து டேப்பால் அளந்தார். கட்டையிலிருந்து நூல் வரை மூன்றரை. தவலையிலிருந்து நூல் வரை மூன்றரை. நானே நாலு பக்கமும் அளந்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து என் சொந்த அடிக்கோலை எடுத்து அவருடைய டேப்பை அளந்தேன்.

"டேப்பு மேலயும் சந்தேகமா சார்?" என்று அந்த அம்மாள் கேட்டார். சிரிக்கவில்லை.

ஏரி இரண்டு மைலோ இருபத்திரண்டு மைலோ, விடை ஒன்றுதான். அச்சுப் பிழை ஒன்றையும் மாற்றவில்லை. நாங்கள் சாட்சி என்று பிடித்துக்கொண்டது சாட்சியே இல்லை. புதிரில் ஊரே விழுந்த குழியில் புதிர் போட்ட நாங்களும் விழுந்து கிடந்தோம்.

ஆனால் சந்தேகக்காரனுக்கு லேசில் புத்தி வராது. "அப்படியானால் சூசை புரூஃபை ஏன் ஒளித்தார்?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். சூசை வந்தார். நான் கேட்டதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய், ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

புரூஃபில் 22 மைல் என்று சரியாகக் கோத்திருந்தது. அதன் கீழ் வரியிலேயே 22 அடி. முதல் 22-இல் ஒரு இரண்டின்மேல் சிவப்பு மையில் ஒரு வெட்டு. ஓரத்தில் நீக்கல் குறி. அடியில் என் கையெழுத்து.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரே எண் இரண்டு வரியிலும் வந்ததும், அச்சுக்கோப்பவரின் கண் வழுக்கியிருக்கிறது என்று சந்தேகப்பட்டேன். இருபத்திரண்டு மைல் சுற்றளவுக்கு எந்த ஊரில் ஏரி இருக்கிறது என்று நினைத்தேன். என் நகலை எடுத்துப் பார்க்காமலே வெட்டினேன். ஒரு நாளைக்கு முப்பது வெட்டு வெட்டுகிறவனுக்கு ஒன்று மறந்துபோகாதா?

"இதை ஏன் அன்றைக்கே காட்டவில்லை?"

"நீ வெட்டினத நான் அப்பிடியே எடுத்துட்டேன். நகலப் பாத்தேன், இருவத்திரண்டுதான் இருந்திச்சு. படிச்ச மனுசன் வெட்டினா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன். கேட்டிருக்கணும் நானு" என்றார் சூசை. "அந்தாளு கைல இதக் குடுத்தா உன்னை அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு. எனக்கு கைத்தொழிலு கீது சார். எந்த பிரஸ்ல போய் நின்னாலும் பொழச்சுக்குவேன். உனக்கு இன்னா தெரியும்? கார்டு மோந்து பாக்கத்தானே தெரியும்? இந்தா, நீயே வெச்சுக்கோ. குடுக்கறதும் கிழிக்கறதும் உன் இஸ்டம்."

நான் நல்லவன் என்று எழுதிவிட்டுப் போகலாம், கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் நடந்தது இதுதான். அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தப் பெண் வெளியே போயிருந்தாள் என்று மானேஜரிடம் பொய் சொன்னேன். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. செவ்வாயன்றும் இருந்தது. புதனன்றும் இருந்தது. இரண்டு குழந்தைகள், வாடகைப் போர்ஷன், யுத்த கால விலைவாசி என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை மானேஜர் என்னை உட்காரவைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பட்டணத்திலுள்ள அச்சுக்கூடங்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டியது. சூசை என்கிற இந்த ஆள் நம்பத் தகாதவன், யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். 'சூசை' என்று மட்டும் எழுதினேன். பேனாவை வைத்துவிட்டுப் பையிலிருந்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பிலோமினா சொன்னதையும் சொன்னேன்.

மானேஜர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து சணல் உருண்டையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். மைக்கூட்டைச் சுற்றி ஒன்று, வராந்தாத் தூணைச் சுற்றி ஒன்று. இரண்டிலும் இருபத்திரண்டு அங்குலம் கூட்டி, வளையமாக்கி, குனிந்து அளந்தார். மறுபடியும் அளந்தார். அந்த வயதில் அவருக்கு நிமிர்வது கஷ்டமாக இருந்தது, நான் கை கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

நாற்காலியில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "இது எப்போ உம்ம கைக்கு வந்தது?"

"திங்கட்கிழமை சார்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"எண்ணை வெட்டினது அரை நிமிஷத் தப்பு. அவனைத் திருடன்னது என் தப்பு. அதை நான் ஒத்துக்கறேன்" என்றார். "இந்த மூணு நாளை என்னன்னு சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. நீர் கார்டு மோந்துண்டு உக்காண்டிருந்த மாதிரி, கோர்ட்டுல நான் பாத்த பொய்ச் சாட்சிகூட இவ்வளவு அமைதியா இருந்ததில்லை."

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. சிவப்பு மை பாட்டிலை மட்டும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு எதை வெட்டினாலும் பக்கத்தில் காரணம் எழுதி அவரிடம் காட்ட வேண்டும் என்றார். அவர் போன பிறகும், ஓய்வு பெறும் நாள் வரை, காரணம் எழுதாமல் நான் எதையும் வெட்டியதில்லை.

சூசையைக் கூப்பிட ஆள் அனுப்பினார். சூசை வரவில்லை. முதல் நாள், அதாவது புதன்கிழமை, தியாகராய நகரில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார். அச்சடித்து முடிந்த எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடும் வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கொடுப்பது. செவ்வாய்க்கிழமை அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் அவர் தன் பழைய இடத்தில் இருந்திருப்பார். "வாக்கு குடுத்துட்டேன், வர முடியாதுன்னு சொல்லு" என்று வந்த ஆளிடம் சொல்லியனுப்பினாராம்.

அடுத்த இதழில் பிழைதிருத்தமும் பிலோமினாவின் பெயரும் வந்தன. மெஷினைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மானேஜர் வேண்டுமென்றே எனக்குக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். ரிக்‌ஷாவில் ஏற்றிச் சாந்தோமுக்குக் கொண்டுபோனேன். வழியில் மனதுக்குள் நாலு நல்ல வார்த்தைகள் தயார் செய்து வைத்திருந்தேன்.

அந்த அம்மாள் பெட்டியைக் கூடத்தில் இறக்கச் சொன்னார். வாசல் கதவைச் சாத்தவும் இல்லை, என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு வந்த சீட்டைக் கையில் எடுத்தார். சக்கரம், கைப்பிடி, பாபின், ஊசி என்று சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஊசிப் பொட்டலத்தைப் பிரித்து ஊசிகளை எண்ணினார். எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்றார், தலையை நிமிர்த்தாமல். "சும்மா சரிபாத்துக்கறேன்."

அவர் பார்த்து முடிக்கும் வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.